பீரோ மேல் மூன்று முட்டை

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதுவும் மாடிப்படியில் உட்கார்ந்து, தொடை மேல் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மேஜை இருந்தது. அந்த மேஜைக்கு ஒரு அறை இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. எப்படிப் போயின என்று சொல்கிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

நான் பறவைகளைப் படம் பிடிக்கிறவன். பிழைப்புக்காக இல்லை. பிழைப்புக்கு ஒரு அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதுகிறேன். ஜன்னலைத் திறந்தவரே மூட வேண்டும், நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்த வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு எழுதி ஒட்டுவது என் வேலை. நான் எழுதிய விதியில் இதுவரை ஒருவரும் ஓட்டை கண்டுபிடித்ததில்லை. வார நாட்களில் விதி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி, சேறு, கொசு, பறவை.

என் மனைவி தையல்காரி. அவளுடைய மெஷின் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள நடையில் இருந்தது. அதைத் தாண்டிப் போக வேண்டுமானால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். அதனாலேயே நான் அந்தப் பக்கம் போவதில்லை. தண்ணீர் வேண்டுமானால் குரல் கொடுப்பேன், வந்துவிடும்.

பின் அறை என்னுடையது. கேமரா வைக்கிற இரும்பு பீரோ, கேமராவை நிறுத்துகிற முக்காலி, சேற்று பூட்ஸ், மேஜை, சுவர் முழுக்க நான் எடுத்த படங்கள். மூன்று வருடமாக அந்த அறையைக் கேட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். அங்கேதான் வெளிச்சம் இருக்கிறதாம். நடையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கண் பூத்துவிட்டதாம்.

"உங்களுக்கு அங்க என்னங்க வேலை?"

"எடுத்த படத்தைப் பார்க்கணும், பிரிச்சு வைக்கணும்."

"எந்தப் படத்தை? அந்த மூட்டைப் படத்தையா?"

மூட்டைப் படம் என்று அவள் சொல்வது கரண்டிவாயனை. வெள்ளையாக, நெட்டையாக, அலகு நுனி கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும் பறவை. ஏரியின் அக்கரையில்தான் இறங்கும். அக்கரைக்குப் போக அனுமதி கிடையாது. எங்கள் பறவைச் சங்கத்துக்கு மட்டும் வருடத்தில் ஒரே ஒரு ஞாயிறு விடுவார்கள். முதல் வருடம் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் நாற்பது படம் எடுத்தேன். இரண்டாம் வருடம் அது அலகை இறக்கைக்குள் செருகிக்கொண்டு தூங்கியது. அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, சலவைக்குப் போட்ட மூட்டையா என்று கேட்டாள். மூன்றாம் வருடம் பறவை சரியாக நின்றது, எனக்குத் தும்மல் வந்தது.

இந்த வருடம் விடக்கூடாது என்று சபதம் போட்டிருந்தேன். அக்கரை ஞாயிறுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அப்போது பார்த்து ஒரு காலை, என் மனைவி அறிவித்தாள். வருகிற ஞாயிறு ஆளைக் கூப்பிட்டு பீரோவைக் கூடத்துக்கு மாற்றப் போகிறாள். மெஷின் பின் அறைக்குப் போகும். முடிவாகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்குக் கணக்கில்லை. கத்தினேன். கலை என்றேன், மூன்று வருட உழைப்பு என்றேன், ஒரு மனிதனுக்கு ஒரு மூலை கூடக் கிடையாதா என்றேன். நான் கத்தி முடிக்கிற வரைக்கும் அவள் ஒரு காஜாவை எடுத்து முடித்துவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அன்றைக்கு மத்தியானம் அலுவலகத்தின் பின்புற வேலியோரம் ஒரு கூடு விழுந்து கிடந்தது. பழைய கூடு, கொண்டைக்குருவியுடையது. உள்ளே ஒன்றும் இல்லை. பார்த்ததும் மூளையில் பளிச்சென்றது.

எங்கள் சங்கத்துக்குப் பன்னிரண்டு விதிகள் உண்டு. எழுதியவன் நான்தான். எழுதும்போது ஒவ்வொன்றையும் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் விதி இது: பறவை கூடு கட்டிய பொருள் எதுவாயினும் அதை நகர்த்தவோ, திறக்கவோ, அசைக்கவோ கூடாது, பத்தடிக்குள் கேமராவோடு எவரும் செல்லக் கூடாது. பீரோ மேல் கூடு இருந்தால் பீரோவை எவன் நகர்த்துவான்? ஏழாம் விதி ஒன்றும் இருக்கிறது. காலிக் கூடாகவே இருந்தாலும் இடம் மாற்றுகிற உறுப்பினர் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார். அதை நான் மறக்கவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று விட்டுவிட்டேன். பீரோவை மாற்றுகிற ஞாயிறு தாண்டட்டும், அப்புறம் கூட்டை எடுத்துவிட்டால் போயிற்று. கூட்டை என் சாப்பாட்டு டப்பாவுக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து, அவள் பார்க்காத நேரத்தில் பீரோ மேல் வைத்தேன். பின் அறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்தே கிடந்தது, குருவி வர வழி தயார்.

மறுநாள் காலை, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு அவளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். கூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கூட்டைப் பார்த்தாள்.

"எப்ப கட்டிச்சு?"

"ரெண்டு மூணு நாளா வந்து போயிட்டிருந்துச்சு. நான்தான் சொல்லல."

"அப்ப பீரோவை நகர்த்தக் கூடாது."

"கூடாது. பாவம் இல்லையா?"

"பாவம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் அப்படிப் போனதே கிடையாது. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வந்தால் வாசலில் சங்கத் தலைவரின் செருப்பு. தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். பறவை இல்லாத இடத்திலும் கிசுகிசுவென்றுதான் பேசுவார். அவருக்குத் தகவல் கொடுத்தது என் மனைவி. பின் அறை வாசற்படியில் நின்று பைனாகுலரில் பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உயரத்துக்கு எட்டிப் பார்க்க நடையிலிருந்து ஸ்டூல் வேறு கொண்டுவந்து போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"மூணு முட்டை" என்றார் தலைவர். கண் கலங்கியிருந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நான் வைத்தபோது காலிக் கூடு. அப்படியானால் நிஜமாகவே ஒரு குருவி வந்து முட்டை வைத்துவிட்டதா? யாரோ கட்டின கூட்டில் குடியேற வெட்கமாக இல்லையா அதற்கு?

தலைவர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். இரண்டாம் விதியைக் கிசுகிசுப்பாகப் படித்தார். என் கேமரா அந்த பீரோவுக்குள்தான் இருக்கிறது என்றேன். அக்கரை ஞாயிறு நெருங்குகிறது என்றேன். ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அந்தக் கதவு கிறீச்சுன்னு கத்துமே" என்றாள் என் மனைவி. "தெருக்கோடி வரைக்கும் கேட்கும்."

"திறக்கவோ, அசைக்கவோ கூடாது" என்று தலைவர் அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினார். "எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க."

உண்மையைக் கக்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் விரல் அதே பக்கத்தில் கீழே நகர்ந்து ஏழாம் விதிக்குப் பக்கத்தில் நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவள் மிகவும் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டாள். பறவைக்குப் பழகிய சத்தத்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று நாலாம் விதியில் வருகிறதே, இந்தக் குருவி அவளுடைய மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதானே கூடு கட்டியது, மெஷினை அறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா? பூனை வந்தாலும் விரட்டலாம். தலைவர் நெகிழ்ந்து போனார். பக்கத்தில் எதற்கு, உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கேமரா இல்லாத ஒருவர் காவல் இருப்பது நல்லது என்று அவளைக் கூட்டுக் காவலராக நியமித்து அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே மெஷின் உள்ளே போனது. முக்காலி வெளியே வந்தது. பூட்ஸ் வெளியே வந்தது. என் மேஜை மட்டும் வரவில்லை. துணி வெட்ட அது சரியான உயரமாம்.

நான் அறை வாசலில் நின்று கேட்பேன்.

"குருவி வந்துச்சா?"

"இப்பதான் போச்சு."

எப்போது கேட்டாலும் அது இப்போதுதான் போயிருக்கும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குருவி மேல் இருந்த கோபம் இரண்டு நாளில் எனக்குப் போய்விட்டது. மூன்று உயிர் என்று நினைத்துக்கொண்டேன். நடக்கும்போது கூட மெதுவாக நடந்தேன்.

அக்கரை ஞாயிறு வந்தது. கையை வீசிக்கொண்டு போனேன். கேமரா இரவல் கேட்டதற்கு, இன்றைக்குப் போய்க் கேட்கிறீர்களே என்று எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள். தலைவருடைய மடக்கு நாற்காலியைச் சுமக்கிற வேலை கிடைத்தது. கரண்டிவாயன் வந்து இருபதடியில் இறங்கியது. அலகால் தண்ணீரை இப்படியும் அப்படியும் துழாவியது. வெயில் அதன் முதுகில் விழுந்தது. தலையைத் தூக்கி என்னை மட்டும் நேராகப் பார்த்தது. எனக்குத் தும்மல் கூட வரவில்லை. சுற்றிலும் கேமராக்கள் சடசடவென்று அடித்தன. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

அதற்கப்புறமும் இரண்டு வாரம் ஓடியது. குஞ்சு சத்தம் கேட்கவில்லை. நேற்று அவள் நூல் வாங்கப் போயிருந்த நேரத்தில் மனசு கேட்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். முட்டைகள் அசையாமல் இருந்தன. ஒன்றை விரல் நுனியால் தொட்டேன். மெத்தென்று இருந்தது. எடுத்துத் திருப்பினேன். அடியில் தையல். பொடிப் பொடியாக, மிக நேர்த்தியான தையல்.

அவள் வருகிற வரைக்கும் அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். வந்தாள். பார்த்தாள். மெஷினில் உட்கார்ந்து நூலை மாட்ட ஆரம்பித்தாள்.

"என்ன இது?"

"முட்டை."

"துணி முட்டை."

"கூடு மட்டும் எப்படிப்பட்ட கூடாம்?"

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்க சாப்பாட்டு டப்பாவைக் கழுவறது யாருங்க? மூடியில குச்சி, அடியில மண்ணு, ஓரத்துல ஒரு இறகு. அன்னிக்கு மதியம் என்னதான் சாப்பிட்டீங்கன்னு பயந்தே போயிட்டேன்."

தலைவரிடம் சொல்லிவிடுவேன் என்றேன். தாராளமாகச் சொல்லுங்கள், ஏழாம் விதியிலிருந்து ஆரம்பியுங்கள் என்றாள். சரி, பொரிக்கிற காலம்தான் முடிந்துவிட்டதே, கூட்டை இறக்கிவிடலாம், மெஷினை எடு என்றேன். அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"பதினோராம் விதி என்னங்க?"

எனக்கே மறந்திருந்தது. கூடு கட்டிய பறவை மறு ஆண்டும் திரும்பி வரக்கூடும் ஆதலால், கூட்டைப் பன்னிரண்டு மாதம் இருந்த இடத்திலேயே விட வேண்டும். அதில் ஓட்டையே இல்லை. நன்றாக எழுதித் தொலைத்திருக்கிறேன்.

"மூணு வருஷமா ரூமைக் கேட்டேன். ஒரு நாள் காது கொடுத்தீங்களா?" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் காதெல்லாம் சூடானது.

"ரூமை எடுத்துக்கோ. மேஜையை எடுத்துக்கோ. என் கேமரா என்ன பாவம் பண்ணிச்சு? ஒரு மாசத்துக்கு மேல பீரோவுக்குள்ள கிடக்குது. அந்த ஒரு ஞாயித்துக்கிழமை போனா போனதுதானே."

அவள் மெஷினை நிறுத்திவிட்டு, முதல் தடவையாகக் கொஞ்சம் பரிதாபத்தோடு என்னைப் பார்த்தாள்.

"பீரோவுக்குள்ள எங்கங்க இருக்கு? தலைவர் வந்துட்டுப் போன மறுநாளே கதவுக்கு ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, சத்தமில்லாம திறந்து எடுத்து, சமையலறையில உப்பு டப்பாவுக்குப் பக்கத்துல எல்லாரும் பார்க்கிற மாதிரி வெச்சிருக்கேன். தண்ணி குடிக்கவாவது ஒரு நாள் அந்தப் பக்கம் வந்திருந்தா பார்த்திருப்பீங்க."