ஈச்ச ராவுத்தரும் செம்போத்து இறகும்

மட்டாஞ்சேரியில் பல்லிகளை விட்டுவிட்டால், ஈயைப் பற்றி ஈச்ச ராவுத்தர் அளவுக்கு யோசித்த ஜீவன் வேறு கிடையாது. இதை நான் எந்த ஊர்ச் சபையிலும் எழுந்து நின்று சொல்லத் தயார்.

ஐம்பதுகளின் நடுவில் தென்காசியிலிருந்து டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட்டோடு கிளம்பி, பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் கப்பலேற்றும் ஒரு கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்கத் தும்மினேன். இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் பூசணம், ஜன்னலுக்கு வெளியே கருத்த தண்ணீர், உள்ளே மிளகு நெடி. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்தா டைப்பே, ஊர் ஞாபகமா? போயிடு. இங்க இருந்தா நெஞ்சுல சளி கட்டும். முன்னாடி இருந்த டைப்புக்கும் அப்படித்தான்."

"அவர் இப்ப எங்கே?"

"போயிட்டான்."

ஊருக்குப் போனாரா, ஒரேயடியாகப் போனாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதுதான் ராவுத்தர். கிடங்குக் கணக்குப்பிள்ளை. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய காது, எந்நேரமும் சாவு வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய முகம். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். எனக்குக் கடைசிவரை 'டைப்பு' என்றுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயரை நானும் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.

'ஈச்ச' என்றால் மலையாளத்தில் ஈ. அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் மேனேஜர் ஒரு வெள்ளைக்கார துரை. சுதந்திரம் வந்தும் கிளம்ப மனசில்லாமல் தங்கிவிட்டவர். வருஷத்தில் மூன்று நான்கு தடவை மூணாறு மலைக்குப் போய் டிரவுட் என்கிற மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பார். அந்த மீனுக்கு மண்புழு போட்டால் துரைமார்களுக்குக் கௌரவக் குறைச்சல். பூச்சி மாதிரி ஒரு பொம்மையை முள்ளில் கட்டிப் போட வேண்டும். அதிலும் துரை போடுவது நிம்ஃப். அதாவது இறக்கை முளைத்துப் பறப்பதற்கு முன்னால் தண்ணீருக்கடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் குஞ்சு ஈ. இந்தப் பொம்மைகள் சீமையிலிருந்து தகர டப்பாவில் வந்துகொண்டிருந்தன. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் டப்பா நின்றுபோனது.

கடைசியாக ஒன்றே ஒன்று மிச்சம். துரை அதை ராவுத்தரின் மேசையில் வைத்தார். கிழிந்த சாக்கை ராவுத்தர் தைத்தால் தையல் கண்ணுக்கே தெரியாது என்பது துரைக்குத் தெரியும்.

"இதே மாதிரி ஒன்று செய்ய முடியுமா, ராவுத்தர்?"

"நோக்கலாம் சாரே," என்றார் ராவுத்தர்.

மத்தியானம் துரை வந்து பார்த்தபோது மை ஒற்றும் தாளின் மேல் ஒரு வெறும் முள், ஒரு சுருள் செம்புக் கம்பி, நான்கு தவிட்டு நிற இழைகள் எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன. உலகத்தில் துரைக்கு மிச்சமிருந்த ஒரே ஈ பிரேதப் பரிசோதனை முடிந்து கிடந்தது.

துரையின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. "என்ன செய்தாய்?"

"எப்படிக் கட்டினதுன்னு தெரியணும்னா அவிழ்க்கணுமில்ல சாரே?"

அதில் நூலே கிடையாது என்பதைத்தான் அவர் அவிழ்த்துக் கண்டுபிடித்திருந்தார். மயிரிழைச் செம்புக் கம்பியால் முள்ளைச் சுற்றி, முதுகில் சின்னதாய் ஒரு திமில் வைத்து, நான்கு இறகிழைகளைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி உடம்பாக்கியிருந்தார்கள். கம்பிதான் நூல், கம்பிதான் எடை. எடை இருந்தால்தான் ஈ தண்ணீருக்குள் இறங்கும்.

கம்பி உடனே கிடைத்தது. கருகிப்போன மேசை விசிறி ஒன்று கிடங்கில் கிடந்தது, அதன் வயிற்றைக் கீறி எடுத்தார். இறகுதான் தகராறு. துரை சொன்ன பறவை பெசன்ட். அது நம் பக்கத்தில் கிடையாது. தேங்காய் நார் வைத்துக் கட்டினார், அது குடிதண்ணீர்ப் பீப்பாயில் தக்கை மாதிரி மிதந்தது. தெருவில் ஒரு சேவலுக்கும் வாலில்லாமல் ஆக்கினார். எந்த நிறமும் துரைக்குச் சரிப்படவில்லை. கடைசியில் துரையின் பறவைப் புத்தகத்தைப் புரட்டும்போது நான்தான் கண்டுபிடித்தேன். நம் ஊர்ச் செம்போத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'காக்கா பெசன்ட்'.

"செம்போத்தா? நம்ம உப்பனா?" என்றார் ராவுத்தர். "அதோட இறக்கை நல்ல செம்புல்ல!"

அன்றிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் ஆளைக் காணோம். செம்போத்தைப் பிடிக்க மாட்டார், கொல்ல மாட்டார். அது தானாக உதிர்க்கும் இறகுக்காகப் புதர் புதராகப் பின்னாலேயே போவார். நாலாவது நாள் அந்தப் பறவை பள்ளிவாசலுக்குப் பின்னால் பெண்கள் குளிக்கும் குளத்தங்கரைப் பூவரசில் போய் உட்கார்ந்தது. ராவுத்தரும் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

கூச்சல் கேட்டு நான் ஓடினபோது அவரைச் சுற்றி இருபது பேர்.

"எந்தாடோ இவிடெ பணி?"

"உப்பனெ நோக்கியதா," என்றார் ராவுத்தர். செம்போத்தைத்தான் பார்த்தாராம்.

"ஈ வயசிலா?" இந்த வயதிலா என்று எகத்தாளம்.

நான் நடுவில் புகுந்து, "மூணாறு மீனுக்கு ஈ கட்ட இறகு தேடறாருங்க," என்றேன். அதுவரை அவர் ஒருவரைத்தான் அடிப்பதாக இருந்தார்கள். நான் பேசின பிறகு இரண்டு பேரையும் அடிப்பது என்று முடிவாயிற்று.

காப்பாற்றியது குளத்திலிருந்து ஈரத் துணியோடு ஏறிவந்த ஒரு முட்டைக்காரி. "அட விடுங்க. என் சேவல் வாலைப் பிடுங்க வந்தப்போகூட இந்த மனுஷன் என் மூஞ்சியைப் பார்த்ததில்ல. சேவலைத்தான் பார்த்தாரு. இவரா குளத்தை எட்டிப் பாக்கப்போறாரு?"

ராவுத்தர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பக்கமா ஏதும் இறகு விழுந்துச்சா?"

விழுந்திருந்தது. இரண்டே நாளில் மூன்று ஈக்கள் தயாராகித் துரையின் மேசைக்குப் போயின. முள்ளின் மேல் செம்பும் செம்போத்தும் கலந்து, தொட்டால் ஓடிவிடும் போல இருந்தன. ராவுத்தர் அவற்றைத் துரையிடம் கொடுத்த தோரணை மட்டும் துஷ்டிக் கடிதம் கொடுப்பதுபோல இருந்தது.

"மீன் கடிக்கும்னு எனக்குத் தோணல சாரே."

மூணாறிலிருந்து துரை குதித்துக்கொண்டு வந்தார். "ராவுத்தர்! ஆறு மீன்!"

"ஆறு மவுத்தா?" என்றார் ராவுத்தர், ஆறு சாவுச் செய்தி கேட்ட குரலில். "பாவம்."

ஒருதடவை, ராவுத்தர் டிரவுட்டைப் பார்த்ததே இல்லை என்று துரைக்கு உறைத்து, ஈரப் பாசியில் சுற்றி ஒரு மீனைக் காரில் கொண்டுவந்தார். மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் அது தன் கடமையை முடித்துவிட்டிருந்தது. ஆபீஸ் பூனை ஒருதரம் முகர்ந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். ஒரு முழத்துக்கும் குறைவான புள்ளி மீன். ராவுத்தர் வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கா சாரே?"

ஆனால் அதை ஒரு வாழையிலையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்த வருஷம் துரை லீவில் சீமைக்குப் போய் வந்தபோது, ஈ கட்டுவதற்கென்றே செய்த பித்தளைக் கிடுக்கி ஒன்று வாங்கிவந்தார். மேசை விளிம்பில் திருகி வைத்தால் முள்ளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், கட்டுகிறவனுக்கு இரண்டு கையும் ஓய்வு. ராவுத்தர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், இழுப்பறையில் வைத்துப் பூட்டினார், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் அதை எடுக்கவே இல்லை. ஆபீஸ் முழுக்கச் சிரித்தோம். "ராவுத்தரே, கிடுக்கிக்கு நிக்காஹ் ஆயிடுச்சா, வெளியிலயே காணோம்?" என்று நானே கேட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு மழைக்காலம் ராவுத்தர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. துரை மறுநாள் மூணாறுக்குக் கிளம்ப வேண்டும். ஈ வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார். முழங்கால் தண்ணீரில் சந்து சந்தாகப் போய் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்திருந்தது.

கட்டிலில் ஒரு அம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை துணிபோல் மடியில் கிடந்தது. இடது கை ஒரு தலையணையின் மேல் நீண்டிருக்க, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு முள். எதிரே முக்காலியில் ராவுத்தர். மூக்கு நுனிக்குக் கண்ணாடி இறங்கியிருக்க, அந்த முள்ளில் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அசையாதே பீவி. அசையாதேன்னா… சரி, அசைஞ்சா என்ன, மீனுக்கு என்ன தெரியப்போகுது."

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சுற்று கலைந்துவிடும். "உக்காரு டைப்பே. கடைசிச் சுற்று."

நான் ஈரக் குடையோடு நின்றேன். அவர் கம்பியை முறித்துவிட்டுத்தான் பேசினார்.

"என் வீட்டுக்காரி. நாலு வருஷமாச்சு. பக்கவாதம். இடது கை விரலுக்கு மட்டும் கொஞ்சம் உசிரு இருக்கு, அதுக்கு வேலை குடுத்துட்டே இருக்கணும்னாரு டாக்டர். முருங்கைக்கீரை ஆயச் சொன்னேன், முடியல. ஓதற தஸ்பீஹ் மணியும் நழுவிப்போச்சு. இது ஒண்ணுதான் பிடிச்சா விடமாட்டேங்கறா."

அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ சத்தம் எழுப்பினார். எனக்குப் புரியவில்லை.

"போன தடவை எத்தனைன்னு கேக்கறா."

"ஒன்பதும்மா," என்றேன். "துரை ஒன்பது பிடிச்சாராம்."

அவருடைய பாதி முகம் சிரித்தது. அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே ராவுத்தர், "பாவம், ஒன்பது மவுத்து," என்றார். உடனே அம்மாளின் தொண்டையிலிருந்து கலகலவென்று ஒரு சத்தம் வந்தது. நாங்கள் கேட்டுக்கேட்டுச் சலித்த அந்த அழுமூஞ்சிப் பேச்சு முழுக்க யாரைச் சிரிக்க வைப்பதற்காக என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் புள்ளி மீன் வாழையிலையில் யாருக்குக் காட்டப் போனது என்பதும்.

வாசல்வரை வந்து என் குடையைப் பிடித்து நிறுத்தினார். "ஆபீஸ்ல சொல்லாதே."

"ஏன் ராவுத்தரே? தெரிஞ்சா யாரும் கேலி பண்ண மாட்டாங்க."

"அதான் சொல்லாதேங்கறேன். கேலி பண்ணட்டும். அதை வீட்ல போய்ச் சொன்னா அவ சிரிப்பா. பாவம் பாத்தாங்கன்னா அதை நான் எங்க கொண்டு போறது?"

நான் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் மழை ஓய்கிற சமயத்தில் அந்த அம்மாளுக்கு மறுபடி பக்கவாதம் அடித்தது. இந்தத் தடவை இடது கையையும் விட்டுவைக்கவில்லை. மூன்று நாள் கிடந்து போய்விட்டார். மய்யத்து அடக்கத்துக்கு ஆபீஸிலிருந்து போனவன் நான் ஒருவன்தான். துரை அப்போது மலையில் இருந்தார்.

ராவுத்தர் வேலைக்குத் திரும்பிய அதே நாள் துரையும் மலையிலிருந்து இறங்கினார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். மாடிப்படியில் தடதடவென்று இறங்கிவந்து, எல்லார் முன்னாலும், "ராவுத்தர்! எங்கே என் ஈ? கையில் ஒன்றுகூட இல்லை!" என்றார்.

"ஒரு கை குறையுது சாரே," என்றார் ராவுத்தர்.

துரை அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டார். "அதற்குத்தானே கிடுக்கி வாங்கித் தந்தேன்! எடு அதை!"

ராவுத்தர் மறுபேச்சில்லாமல் இழுப்பறையைத் திறந்து கிடுக்கியை எடுத்து மேசை விளிம்பில் வைத்தார். திருகப் பார்த்தார். திருகவில்லை. மேசையைப் பார்த்தபடியே நின்றார்.

நான் துரையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். ஒரு டைப்பிஸ்ட் துரையின் கையைப் பிடித்தது அந்தக் கம்பெனியில் அதுதான் முதல் தடவை. உள்ளே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "அத்தனை ஈயுமா?" என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். கிடுக்கியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மிளகுச் சாக்கை இழுத்துப் போட்டு ராவுத்தர் எதிரே உட்கார்ந்தார். தடித்த, சிவந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு முள்ளைப் பிடித்துக் கையை மேசைமேல் நீட்டினார்.

ராவுத்தர் சட்டைப்பையிலிருந்து கம்பியை எடுத்தார்.

துரைக்கு அறுபது வயது. கை கிடுகிடுவென்று ஆடியது. இரண்டு தடவை முள் கீழே விழுந்தது. மூன்றாவது தடவை துரையின் கட்டைவிரலிலேயே ஏறியது.

"அசையாதீங்க சாரே!" என்று ராவுத்தர் அதட்டினார். "சின்னப் புள்ள மாதிரி ஆட்டினா எப்படிக் கட்டறது?"

"ஸாரி," என்றார் துரை.

கிடங்கு ஆட்கள் எல்லாரும் கதவருகே கூடிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. முடிவில் ஒரு ஈ வந்தது. ஈ என்று அதைச் சொன்னால் ஈக்குக் கோபம் வரும். திமில் வயிற்றுப் பக்கம் போய், வால் கோணி, துரையின் ரத்தமும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. துரை அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் மூணாறிலிருந்து வந்ததும் நேரே ராவுத்தரிடம் வந்து, "முதல் வீச்சிலேயே மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. எடுக்க முடியவில்லை. மன்னித்துவிடு," என்றார்.

"சாரமில்ல சாரே, போகட்டும்," என்றார் ராவுத்தர். "ஒரு மீனாவது பொழச்சுது."

அதற்குப்பின் அவர் ஈ கட்டவில்லை. துரையும் கேட்கவில்லை. அறுபதுகளின் நடுவில் துரை கப்பலேறிவிட்டார். கம்பெனி கைமாறியது. எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது.

கிளம்புகிற அன்று ராவுத்தர் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி ஹார்பர் ஸ்டேஷனுக்கு வந்தார். பத்திரி என்கிற அரிசி ரொட்டியும் மீன் கறியும் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தன் கையால் சமைத்ததாம். "ருசி இருக்காது. மசாலா கணக்கெல்லாம் பீவிக்குத்தான் தெரியும்," என்றார். ரயில் ஷொர்னூரில் கட்டாயம் லேட்டாகும் என்றார். கோயம்புத்தூர்த் தண்ணீர் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். வண்டி நகர்ந்த பிறகும் பக்கத்திலேயே நடந்து வந்து, "சளி பிடிச்சா உடனே டாக்டர்கிட்ட போயிடு டைப்பே, நீட்டாதே," என்றார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில்தான் நின்றார்.

மீன் கறியில் உப்பே இல்லை. ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம் அவர் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் மட்டாஞ்சேரிக்கு ஒரு கார்டு போட்டு, ராவுத்தர் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க மட்டும், வரக்கூடிய பதிலுக்குப் பயந்து, எனக்கு இன்னும் கை வரவில்லை.