அறைக்குள்ள ஒரு குட்டிப் பிரிட்ஜ்

அது கிடக்கட்டும் ராணி, எங்கட படுக்கையறைக்குள்ள ஏன் குட்டிப் பிரிட்ஜ் எண்டு கேட்டாயெல்லோ? மருமகளிட்டைக் கேட்டுப்போடாதை, அவள் சிரிச்சே விழுந்திடுவாள். கதவைச் சாத்திப்போட்டு வா, நானே சொல்லுறன்.

இவருக்கு புரோஸ்டேட் ஒப்பரேஷன் நடந்ததெல்லோ. உயிர் தப்பினதே பெரிய காரியம். ஆனா அதுக்குப் பிறகு மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுக்கத் தொடங்கிட்டார். கதை இல்லை, பகிடி இல்லை. ஏனெண்டு உனக்கு விளங்கும்தானே, நீயும் கலியாணம் கட்டினவள். கடைசியில ஒப்பித்தாலில, அதுதான் இஞ்சத்தை ஆஸ்பத்திரியில, டொக்டர், "அதுக்கும் ஊசி இருக்கு, வேணுமெண்டா வீட்டிலையே போடலாம்" எண்டு சொல்லிப்போட்டார். நேர்ஸ் பிள்ளை பழக்கினாள். இவர் ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிட்டார். அப்ப ஆர் போடுறது? நான்தான்! பேனை பிடிக்காத கை, ஊசி பிடிச்சுது. அதுக்குப் பிறகு மனுசன் குளிக்கேக்கை ஒரே பாட்டு.

ஊசியைப் பிரிட்ஜிலதான் வைக்கவேணும். மகன் கண்டிட்டான். "அம்மா, உதென்ன?" எண்டான். என்ரை வாய் சும்மா இருக்குமே? "அப்பாவுக்குச் சீனி வருத்தமடா" எண்டிட்டன். அவ்வளவுதான்! அண்டையில இருந்து இவருக்குப் பாவக்காய், குரக்கன் புட்டு, சீனியில்லாத் தேத்தண்ணி. பேத்தியின்ரை பிறந்தநாள் கேக் இவரின்ரை மூக்குக்கு முன்னாலை போய்வந்துது. பாவம், உண்மையைச் சொல்லேலுமே?

ஒரு ஞாயிறு மருமகளின்ரை தேப்பன், எங்கட சம்பந்தி, பக்கத்து ஊர் செவ்ரானில இருந்து சாப்பிட வந்தார். கையில எங்கட ஆக்களின்ரை கடைத்தெரு ரூ காயில வாங்கின லட்டுப் பெட்டி. (தான் தின்னக்கூடாது, ஆனா ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுப்பார்.) அவருக்கு உண்மையாவே சீனி. சாப்பிட இருக்கேக்கைதான், "ஐயோ, ஊசியை வீட்டை விட்டிட்டு வந்திட்டன்" எண்டார். என்ரை மகன் உதவிக்கு முந்துறவன் எல்லோ! "அதுக்கென்ன மாமா, அப்பான்ரை இருக்கு" எண்டு பிரிட்ஜைத் துறந்து எடுத்துக் குடுத்திட்டான்.

நான் குசினியில இருந்து கறிச்சட்டியோட வாறன். சம்பந்தி சட்டையைத் தூக்கி, வயித்தைக் கிள்ளிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், கண்ணாடியும் போடாமல். சொல்லாட்டி அந்தாளுக்கு என்ன ஆகுமோ, சொன்னா எங்கட மானம் போகும்.

கத்தினன்: "சம்பந்தி, நில்லுங்கோ! அது வயித்தில போடுற ஊசியில்லை!"

"அப்ப எங்கை போடுறது, சம்பந்தியம்மா?"

இவர் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒப்பித்தாலில வேலை செய்யிற மருமகள் ஊசியை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். "அப்பா, இது சீனிக்குப் போடுறதில்லை" எண்டு சொல்லி, புருசனைக் காரில செவ்ரானுக்குத் துரத்தினாள், தேப்பன்ரை சீனி ஊசியை எடுத்துவர. அவன் தப்பினன் பிழைச்சன் எண்டு ஓடினான்.

இவர் மெதுவா லட்டுப் பெட்டியைத் தன்ரை பக்கம் இழுத்தார். வாய் நிறைய லட்டோட, "எனக்குச் சீனி ஒருநாளும் இருந்ததில்லை, பிள்ளை" எண்டார். அப்பதான் மருமகள் சிரிக்கத் தொடங்கினவள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்துது.

போகேக்கை சம்பந்தி வாசலில இவரை ஒதுக்கி, "அண்ணை, அந்த டொக்டர் எங்கை இருக்கிறார்?" எண்டு கேட்டவர்!

அடுத்த கிழமை மகன் இந்தக் குட்டிப் பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கட முகத்தைப் பாராமல் அறைக்குள்ள வைச்சிட்டுப் போனான். இண்டைக்கும் வீட்டில லட்டுப் பெட்டி துறந்தா, "முதல் மாமாவுக்குக் குடுங்கோ, அவருக்குச் சீனி இல்லை" எண்டு மருமகள் தொடங்குவாள். இவரும் வெக்கமில்லாமல் ரெண்டு எடுப்பார்.

ஐயையோ, பாவக்காய் அடியில பிடிக்குது! அவர் இப்ப அதைத் தொடவும் மாட்டார், நான்தான் தின்னவேணும். விடு, வாறன்.