எழுபது வளைவு, இரண்டு சைக்கிள்

இந்தக் கதையில் வரும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் சத்தியம். இரண்டு சைக்கிளும் சத்தியம். அம்மிக்கல் சத்தியத்திலும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் சேந்தமங்கலத்தில் ஜுலைகா பீவி வீட்டுக் கொல்லைக்குப் போய்த் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கரடி மட்டும் சேக் மைதீன் சொன்னது. அதற்கு அவர்தான் பொறுப்பு.

"நாமளும் ஒருவாட்டி இப்பிடிப் போயிட்டு வரோணுங்க மாமா" என்று மாப்பிள்ளை அஷ்பாக் சொன்னபோது சேக் மைதீன் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சியது பாதியில் நின்றது.

தப்பு அவருடையதுதான். கடைவீதியில் மிளகு வியாபாரம் செய்யும் அவர், விருந்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இருபது வருஷமாகக் கறியோடு சேர்த்து ஒரு கதையையும் பரிமாறி வந்தார். எழுபத்தாறாம் வருஷம், இளவட்டமாக இருந்தபோது, இரண்டு மூட்டை மிளகைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மூன்று நாள் கொல்லிமலையைச் சுற்றி வந்த கதை. முப்பத்திரண்டாவது வளைவில் அவருக்கு மூச்சு வாங்கியபோது கரடி ஒன்று பின்னாலிருந்து கேரியரைப் பிடித்துத் தள்ளிவிட்டதாம். மேலே போனதும் அதற்கு ஓர் அன்னாசிப் பழம் கொடுத்து அனுப்பினாராம்.

இதுவரை கேட்டவர்கள் எல்லாரும் "அடேங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்கள். கூட வருகிறேன் என்று சொன்ன முதல் ஆள், மகள் நாசியாவைக் கட்டி மூன்று மாதமே ஆன இந்த மாப்பிள்ளைதான். அதுவும் நாமக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை.

"அதுக்கென்னங்க மாப்பிள்ளை, ஒரு நாளைக்குப் போனாப் போச்சு" என்றார் சேக் மைதீன்.

"ஒரு நாளைக்கு என்னங்க ஒரு நாளைக்கு? வர்ற சனிக்கிழமையே கெளம்புங்க" என்றாள் ஜுலைகா பீவி, ரசத்தை ஊற்றியபடி. "மலை மேல தேவனூர் நாட்டுல, நமக்கு மெளகு போடற செல்லமுத்து ஊட்டுல தங்கிக்கலாம். சம்பந்தி ஊட்டாளுங்க எட்டுக் குடும்பத்துக்கும் மலைப் பலா அனுப்போணும்னு ஒரு மாசமாச் சொல்றன். அதுக்கும் ஒரு வழி பாத்துட்டு வாங்க."

"பலாப்பழமா? பஸ்சுலயே ஏத்த மாட்டேங்கறான். எவன் சுமக்கறது?"

"சரி, பழத்த உடுங்க. நீங்க சந்தோசமாப் போயிட்டு வாங்க."

அவள் அப்படி ஒரே பேச்சில் விட்டுக்கொடுத்தது முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சேக் மைதீன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. ஏனென்றால் அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்கும் தெரியாது என்றுதான் அவர் நம்பியிருந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை சைக்கிளோடுதான் இருப்பார். ஆனால் அதில் எப்போதும் ஒரு மூட்டை இருக்கும். மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரை, ஏன் ஏறி ஓட்டவில்லை என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிவாசலுக்குத் தொழப் போகும்போதுகூடக் கேரியரில் அரை மூட்டை உமியைக் கட்டிக்கொண்டுதான் போவார். இப்படி ஒரு மனிதர் முப்பது வருஷம் கௌரவமாக வாழ்ந்திருக்கிறார்.

இப்போது புது மாப்பிள்ளை முன்னால் அந்தக் கௌரவம் போகப் போகிறது. யோசித்தார். காப்பாற்றிய வழியே மறுபடியும் காப்பாற்றும் என்று தோன்றியது. பாரம். ஏறி உட்காரவே முடியாத அளவுக்குப் பாரம்.

வியாழக்கிழமை அஷ்பாக் இரண்டு புதுச் சைக்கிள்களோடு வந்து இறங்கினார். இரண்டும் பஸ்ஸின் மேலே படுத்து வந்திருந்தன.

"ஓட்டிட்டே வந்திருக்கலாமே மாப்பிள்ளை?"

"புது டயருங்க மாமா. ரோட்டுத் தூசி படக்கூடாது."

சேக் மைதீன் இரண்டு சைக்கிளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயருக்கே இவ்வளவு பார்க்கிறவன் பெடலில் கால் வைத்தால் எப்படிப் பறப்பான்! தாமதிக்காமல் காகிதத்தை எடுத்துச் சாமான் பட்டியல் போட ஆரம்பித்தார்.

"அரிசி பத்துக் கிலோ."

"ரெண்டு பேருக்குப் பத்துக் கிலோவா?" என்றாள் ஜுலைகா பீவி.

"மலைக் காத்துக்குப் பசிக்கும்."

"நல்லாப் பசிக்குங்க மாமி" என்றார் அஷ்பாக். "ஸ்டவ்வும் எடுத்துக்கலாம். மண்ணெண்ண அஞ்சு லிட்டரு."

பையன் அசரவில்லையே என்று சேக் மைதீன் திடுக்கிட்டார். "தார்ப்பாய் ஒண்ணு. மழை வந்தா?"

"ஆளுக்கொண்ணு எடுத்துக்கலாங்க மாமா."

"பிரியாணி தேக்சா. பெருசு."

"மூடியோடவா?"

"மூடியோட."

"இருக்கட்டுங்க" என்று அஷ்பாக் உற்சாகமாகத் தலையாட்டினார்.

சேக் மைதீன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "எனக்கு அம்மியில அரைச்ச மசாலாதான் எறங்கும். அம்மிக்கல்லு ஒண்ணு கட்டிக்கறன்."

அடுக்களை வாசலில் நின்ற நாசியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜுலைகா பீவி கொல்லைக்குப் போய் அம்மியைக் கழுவினாள்.

"நல்ல யோசனைங்க மாமா" என்றார் அஷ்பாக் நிதானமாக. "அப்ப என் சைக்கிள்ல ஆட்டாங்கல்ல கட்டிக்கறனுங்க. காலையில இட்லிக்கு ஆகும்."

இவன் மனுஷனே இல்லை, எமன் என்று சேக் மைதீன் முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து கட்ட ஆரம்பித்தார்கள். முதலில் ஸ்டாண்டு வளைந்தது. ஸ்டாண்டுக்குப் பதிலாக மூங்கில் முட்டுக் கொடுத்தார்கள்; மூங்கிலின் பாரம் தனி. அந்தப் பாரத்தைத் தாங்கக் கயிறு. கயிறு உரசாமலிருக்கக் கோணிச் சாக்கு. கடைசியில் பார்த்தால் சைக்கிளில் வெளியே தெரிந்தது மணி மட்டும்தான்.

சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் கூடிவிட்டது. டீக்கடை செங்கோடன் கண்ணாடிக் கிளாசோடு தெருவுக்கே வந்துவிட்டான்.

"பாய்! ஏறி ஒரே ஒரு மிதி மிதிங்க! கண்ணால பாத்துக்கறோம்!"

சேக் மைதீன் வாயைத் திறப்பதற்குள் அஷ்பாக் முந்திக்கொண்டார்.

"அதெப்பிடீங்க? இத்தன பாரத்தோட ஏறி உக்காந்தா ரிம்மு நெளிஞ்சுரும். சைக்கிள் கடைக்காரன் சொல்றன், கேட்டுக்கங்க. அடிவாரம் வரைக்கும் தள்ளித்தான் போவோணும்."

சேக் மைதீனுக்கு மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டு பேரும் தள்ளினார்கள். அடிவாரம் வந்ததும், ஏற்றத்தில் ஏறக்கூடாது, சங்கிலி அறுந்துவிடும் என்றார் அஷ்பாக். ரொம்பச் சரி என்றார் சேக் மைதீன். தள்ளினார்கள்.

பன்னிரண்டாவது வளைவில் ஒரு டெம்போ வந்து நின்றது. உள்ளேயிருந்து செல்லமுத்து எட்டிப் பார்த்தார். தேவனூர் நாட்டுக்காரர், சேக் மைதீனுக்குக் காலம் காலமாக மிளகு போடுகிறவர்.

"ஏனுங் பாய், அன்னைக்குக் கரடி உங்களைத் தள்ளுச்சு. இன்னைக்கு நீங்களே கரடியாட்டம் தள்ளீட்டுப் போறீங்க? சாமானை எல்லாம் டெம்போவுல போடுங்க. வெறும் வண்டியில ரெண்டு பேரும் ஜிவ்வுனு மேல வந்துருங்க."

வெறும் வண்டி என்ற சொல்லைக் கேட்டதும் சேக் மைதீன் மூட்டை மேல் கையைப் போட்டு அணைத்துக்கொண்டார்.

"வேண்டாங்க செல்லமுத்து. நானே சொமந்துட்டு வாரேன்னு அல்லாகிட்ட நிய்யத்து வச்சுட்டன்."

"நானுந்தாங்க" என்றார் அஷ்பாக்.

செல்லமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய இடத்து விஷயம் என்று போய்விட்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தேவனூர் நாட்டில் செல்லமுத்து வீட்டு வாசலில் போய் விழுந்தார்கள். செல்லமுத்துவின் மனைவி பாப்பாயி சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டாள். தேக்சாவைத் திறக்க வேண்டிய வேலையே வரவில்லை. கொண்டு வந்த அரிசியும் அப்படியே இருந்தது. அதுவே நல்லது என்று சேக் மைதீன் நினைத்தார். பாரம் குறையாமல் இறங்கிவிடலாம்.

மூன்றாம் நாள் காலையில் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் இரண்டு சைக்கிளும் மொட்டையாக நின்றன. புதுப் பெயின்ட் வெயிலில் பளபளத்தது. சீட் இரண்டும் துடைத்துவைத்தாற்போல் காலியாக இருந்தன.

"சாமானெல்லாம் எங்க பாப்பாயி?"

"விடியாலயே டெம்போவுல ஏத்தி உங்க ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டனுங்க பாய். பாவம், நீங்களும் எத்தனைக்குத்தான் தள்ளுவீங்க? இனி எறக்கந்தானுங்க. மிதிக்கவே வேண்டாம். சும்மா உக்காந்தாப் போதும், அடிவாரம் வந்துரும்."

பிரேக்கைப் பிடிக்கவே தெரியாதவரிடம் எழுபது வளைவு இறக்கத்தைப் பற்றிச் சொல்லும் சமாதானமா இது! பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வேறு வந்துவிட்டார்கள். கரடிக் கதை மலையிலும் பிரபலம். அண்ணாமலை என்கிற பெரியவர் நன்றாகப் பார்ப்பதற்காகப் பாறை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ஏறுங்க பாய்!"

அஷ்பாக் கீழே குனிந்து, காற்று நிறைந்திருந்த டயரை ரொம்ப நேரமாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சேக் மைதீனின் கண்ணில் அது பட்டது. கொட்டகை ஓரத்தில், காம்போடு அறுத்து அடுக்கிய பலாப்பழங்கள். ஒவ்வொன்றும் ஒரு வயதுக் குழந்தை கனம். அல்லாவே பார்த்து அடுக்கி வைத்தது போலிருந்தது.

"பாப்பாயி, விருந்தாளிய வெறுங்கையோடவா அனுப்புவ?" என்றார். வாழ்நாளில் அவர் யாரிடமும் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். "எனக்கு ரெண்டு பழம் கட்டு."

"எனக்கும் ரெண்டு" என்று அஷ்பாக் சட்டென்று நிமிர்ந்தார்.

"ரெண்டு பத்தாது, மூணாக் கட்டு."

"எங்கம்மாவுக்குப் பலான்னா உசுரு. நாலாக் கட்டீருங்க."

"அப்ப எனக்கும் நாலு!"

கேரியரில் ஒன்று, ஹேண்டில்பாரில் பக்கத்துக்கு ஒன்று. நாலாவது பழம், கேட்பானேன், சீட்டில் உட்கார்ந்துகொண்டது. இனி மனுஷன் உட்கார இடமில்லை. இரண்டு பேர் முகத்திலும் ஹஜ்ஜுக்குப் போய் வந்தாற்போல் ஓர் ஒளி. பாறை மேலிருந்த அண்ணாமலை ஏமாற்றத்தோடு இறங்கினார். இவர்கள் பலாப்பழங்களை மெதுவாக எழுபது வளைவும் இறக்கி, சேந்தமங்கலம் கடைவீதி வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். செங்கோடன் மாலை போட்டான். கழுத்தில் இடமிருந்தும் ஒன்றைப் பழத்துக்கும் போட்டான்.

அடுத்த சந்தை நாளன்று சேக் மைதீன் கூடத்தில் உட்கார்ந்து, பார்க்க வந்திருந்த சம்பந்தி வீட்டாருக்குப் புதுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இறக்கத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்ததாகவும், பிரேக் கட்டையிலிருந்து புகை வந்ததாகவும், பழைய கரடியின் பேரன் ஓரமாக நின்று சலாம் வைத்ததாகவும் சொன்னார்.

"ஆமாங்க, நானும் பாத்தன்" என்றார் அஷ்பாக். "மாமா முன்னால, நான் பின்னால. என்னா வேகம்!"

நாசியா எல்லாருக்கும் தட்டில் பலாச்சுளை வைத்துக் கொடுத்தாள். கதை இருபத்தேழாவது வளைவுக்கு வந்திருந்தபோது, சந்தைக்கு மிளகு கொண்டுவந்த பாப்பாயி தலைச் சுமையோடு உள்ளே வந்தாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கூடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், ஜுலைகா பீவியைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏனுங்க்கா, சைக்கிள் ஓட்டத் தெரியாத ரெண்டு பேர அனுப்பறன், சாமானப் புடுங்கீட்டு ஆளுக்கு நாலு பழம் கட்டி உடுன்னு போன சந்தையில சொன்னீங்களே, எட்டும் நசுங்காம வந்துச்சுங்களா?"