ஏழு அங்குல அருள்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கொட்டித் தீர்த்தது மழை. அதற்காக யாரும் வீட்டில் அடங்கிக் கிடக்கவில்லை. பப்பின் மாடி ஹாலில் நூற்றைம்பது ஆண்பிள்ளைகள் கோட்டும் சூட்டும் டையுமாக நெருக்கியடித்து நின்றார்கள். கல்யாணமா என்றால் இல்லை. சாவா என்றால் அதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் கால்பந்து அணியை நிர்வகிக்கும் விளையாட்டு ஒன்று உண்டல்லவா, அதில் தோற்றுத் தோற்று நொந்துபோன ஜீவன்கள். அவர்களைக் கடைத்தேற்ற லீட்ஸிலிருந்து ஒரு மகான் எழுந்தருளியிருந்தார்.

மகானின் பெயர் ராய்ஸ்டன் கிளெக். பக்தர்களுக்குத் 'தலைவர்'. அவர் உலகத்துக்கு அருளிய ஆட்டமுறையின் பெயர் 'இடியுதை'. கோல் கீப்பர் கையில் பந்து வந்தால் யோசிக்கக் கூடாது. ஓங்கி ஒரு உதை. பந்து மேகத்தை விசாரித்துவிட்டு, எதிரணி கோலுக்கு முன்னால் நிற்கும் நெட்டை ஆளின் தலையில் வந்து இறங்க வேண்டும். நடுவில் நிற்கிற நாலு பேர் வேடிக்கை பார்க்கலாம். இதில் 'யோசிக்கக் கூடாது' என்ற பகுதிதான் பக்தர்களை மிகவும் கவர்ந்தது.

வெறும் ஆட்டமுறையைக் கொடுத்தால் மகானுக்கு என்ன மதிப்பு? விரதங்களும் உண்டு. முக்கியமான போட்டிக்குச் சூட் போட்டு உட்காருவதும், தொடங்குமுன் எதிரணி மேனேஜராகப் பாவித்துக் கதவுக் கைப்பிடியோடு கை குலுக்குவதும் இந்த ஆட்டக்காரர்களிடம் முன்பே இருந்த விளையாட்டுத்தனம். ராய்ஸ்டன் அதைச் சாஸ்திரமாக்கினார். சூட்டுக்குக் கறுப்பு பெல்ட்தான். இடைவேளையில் மாட்டுக்கறிப் பை, அதாவது மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட பண்டம், தின்ன வேண்டும்; சீஸ் பை தின்றால் தோஷம். பந்து வானத்தில் இருக்கும்போது திரையைப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அணியைப் பதிந்து வைத்த பென் டிரைவை நேரில் கொண்டுவந்து அவரிடம் கொடுக்க வேண்டும். பக்கத்து அறைக்குள் எடுத்துப்போய்ப் பத்து நிமிடம் 'சுருதி சேர்த்து'த் தருவார். தலைக்கு இருபது பவுண்டு. தின்னும் பைக்குக் காசு தனி.

அந்த வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றான் நம் நெவில் சக்டன், நாலு மாதமாகத் தலைவரின் பக்தன். வயது நாற்பத்தேழு. பிஸ்கட் ஆலையில் மாவு பிசையும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன். போட்டிருந்தது அவனுடைய கல்யாண சூட். கல்யாணம் போய் ஆறு வருஷமாகிறது, சூட் மட்டும் மிச்சம். பொத்தான் போட வேண்டுமென்றால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். பேச வேண்டுமென்றால் பொத்தானைக் கழற்ற வேண்டும்.

அவனை இளக்காரமாகப் பார்க்காதீர்கள், அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. ட்ரெவர் வீட்டில் வியாழக்கிழமைதோறும் பத்துப் பேர் கூடி இந்த ஆட்டத்தில் லீக் நடத்துகிறார்கள். மற்ற ஆறு சாயங்காலமும் நெவிலோடு பேசுவது மைக்ரோவேவ் ஒன்றுதான். அதுவும் மூன்று பீப். அந்த லீக்கில் ஒரு விதி: தொடர்ந்து மூன்று வருஷம் கடைசியாக வந்தவன் நாற்காலியைக் காத்திருப்போர் பட்டியலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நெவில் இரண்டு வருஷமாகக் கடைசி. இந்த வருஷமும் கடைசி. மிச்சமிருப்பது ஒரே ஆட்டம், வருகிற வியாழன். ஜெயித்தால் வியாழக்கிழமை அவனுக்கு உண்டு. இல்லையென்றால் ஏழு நாளும் மைக்ரோவேவ்.

அந்தக் கடைசி ஆட்டத்தின் எதிராளி மேக்ஸின். ஆலையில் தரம் பார்ப்பவள். இப்போது அவனருகே மழைக்கோட்டோடு கைகட்டி நின்றாள். பஸ் ஓடாததால் காரில் கொண்டுவந்து விட்டதே அவள்தான்.

"பெல்ட்டை எதுக்குப்பா தடவிக்கிட்டே இருக்க?"

"பிரவுனா தெரியுதா? ரெண்டு மாசம் முன்னால பிரவுன் பெல்ட் போட்டேன். மூணு கோல் வாங்கினேன்."

"தலைவர் சொன்னாரா?"

"ஆமா. நான்கூட நம்பல. அப்புறம் கறுப்பு பெல்ட் போட்டு வீட்ல ஆடினேன். நாலுக்கு சைபர், ஜெயிச்சேன்."

"வியாழக்கிழமை கறுப்பு பெல்ட் போட்டியே?"

"அன்னிக்கும் தோத்தேன். பந்து மேல போறப்போ திரையைப் பாத்துட்டேன். என் தப்புதான்."

மேக்ஸின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சுருதி சேத்த டிரைவை வீட்ல போட்டா ஜெயிக்கற. அதே அணியோட ட்ரெவர் கம்ப்யூட்டர்ல இருக்கற லீக்ல தோக்கற. அந்த லீக்கை இவர் தொட்டதே இல்ல. அப்படித்தானே?"

"ட்ரெவர் வீட்ல சந்தேகப்படறவங்க இருக்காங்களாம். அது தடுக்குதாம்."

"நான்தான் அது. சரி, நகரு, உன் முறை."

டிரைவ் உள்ளே போனது, பத்து நிமிடத்தில் வந்தது. பெரிய திரையில் கம்ப்யூட்டரின் அணியோடு ஆட்டம் தொடங்கியது. நெவில் ஹாலின் கதவுக் கைப்பிடியோடு பயபக்தியாகக் கை குலுக்கினான். கைப்பிடி ஒன்றும் சொல்லவில்லை. கோல் கீப்பர் உதைத்தான். நூற்றைம்பது தலைகள் மரியாதையாகக் கீழே குனிந்தன. நிமிர்ந்தபோது கோல். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், மறுபடி கோல். நாலுக்கு சைபர். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ராய்ஸ்டன் கையை உயர்த்தினார். "எல்லாம் இடியுதை செஞ்சது. நான் ஒரு கருவி."

"தலைவரே, ஒரு சின்ன சந்தேகம்," என்றாள் மேக்ஸின். ஹால் திரும்பியது. "ஆட்டமுறைங்கறது தாள்ல போடற அம்புக்குறி. அதைச் சொல்லிட்டாப் போதுமே. இவன் அணியே உங்க ரூமுக்குள்ள எதுக்குப் போகணும்?"

"அம்மா, இது நுட்பமான விஷயம். சந்தேகம் இருந்தா அலைவரிசை கெட்டுப்போகும்."

"நான் பிஸ்கட் செக் பண்றவ. சூப்பர்வைசர் எடுத்து நீட்டற பாக்கெட்டை நான் தொடமாட்டேன். மெஷின்ல ஓடற பெல்ட்டுலருந்து நானே எடுத்து உடைச்சுப் பாப்பேன். அதே மாதிரி இங்க ரெண்டு ஆட்டம் நானே வெச்சுப் பாக்கணும், எதிரணி இதேதான். அரை மணி நேரம். நீங்க சொல்றது நெசம்னா உங்களுக்குத்தானே பேரு?"

கூட்டம் ஆர்வமாகத் தலையாட்டியது. பாவம், மகான் இன்னும் பெரிய அற்புதம் காட்டப்போகிறார் என்று நினைத்தார்கள். ராய்ஸ்டனால் மறுக்க முடியவில்லை.

முதல் ஆட்டம், அவர் சுருதி சேர்த்த அதே டிரைவ். மேக்ஸின் இடியுதையைத் துடைத்துப் போட்டாள். கோல் கீப்பரைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்தினாள். அணியிலேயே குள்ளமானவனைக் கோலுக்குள் நிறுத்தினாள். மிச்சம் ஒன்பது பேரையும் இடது ஓரத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி வரிசையாக விட்டாள். பெல்ட் இல்லை, பை இல்லை, யாரும் தலை குனியவும் இல்லை. ஆறுக்கு ஒன்று. ஜெயித்தது பஸ் வரிசை.



இரண்டாவது ஆட்டத்துக்கு நெவில் தன் கோட்டின் உள்பையிலிருந்து இன்னொரு டிரைவை எடுத்தான். பயந்தாங்கொள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வைத்திருப்பார்கள். மகானின் கை படாத அதே அணி. இதில் இடியுதை, கறுப்பு பெல்ட், மாட்டுக்கறிப் பை, குனிந்த தலைகள், எதிலும் குறைவில்லை. மூன்றுக்கு சைபர், தோல்வி.

"நெவில், உன் முன்வரிசை ஆளோட பக்கத்தைத் திற. ரெண்டு டிரைவ்லயும்."

அவன் திறந்தான். டாரில். பதினாறு வயதில் அணியில் சேர்த்து, பதினொரு ஆட்டப் பருவமாக அவன் வளர்த்த பிள்ளை. டாரிலின் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். தன் செருப்பு அளவு மறந்தாலும் நெவிலுக்கு அது மறக்காது. சுருதி சேர்த்த டிரைவில் டாரில் ஆறடி ஒன்பது அங்குலமாக நின்றான். தாவும் திறன் பதினொன்றிலிருந்து இருபது. முழு மதிப்பெண். மற்ற பத்துப் பேருக்கும் அப்படியே.

"பத்து நிமிஷத்துல ஏழு அங்குலம் வளந்திருக்கான்," என்றான் நெவில். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். ஒரு ஆளின் ஏமாற்றுக்காக நாலு மாதம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். பெல்ட்டைச் சந்தேகித்தான், பையைச் சந்தேகித்தான், தன் கண்ணையே சந்தேகித்தான். சந்தேகிக்க வேண்டிய ஒருவரை மட்டும் விட்டுவிட்டான்.

"சந்தேகப்படறவங்க நெழல் விழுந்துருச்சு, மெஷின் கெட்டுப்போச்சு," என்று முனகியபடி ராய்ஸ்டன் பக்கத்து அறைக்குள் போனார். அந்த அறைக்குப் பின்வாசல் இருந்தது. அவருடைய கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கறிப் பைகளை விட்டுவிட்டுப் போனது ஒன்றுதான் அவர் செய்த தர்மம். கூட்டம் கொதித்தது. ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி மேக்ஸினிடம் வந்து, "அந்த ஏழு அங்குலம் நீங்க போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

காரில் திரும்பும்போது நெவில் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பேசினான். "பேசாம விட்டிருந்தா வியாழக்கிழமை நீ சுளுவா ஜெயிச்சிருப்ப."

"நான் ஜெயிக்கணும்னா உன்னை ஜெயிக்கணும். உன் பெல்ட்டை ஜெயிச்சு என்ன பண்றது?"

வியாழக்கிழமை வேலை முடிந்து நேராக வந்தான். ஆலைச் சட்டை, பேன்ட்டெல்லாம் மாவு. கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் திறந்தான், அவ்வளவுதான். உட்கார்ந்து மேக்ஸினின் அணியைப் பத்து நிமிடம் பார்த்தான். அவளுடைய உயரமான பின்வரிசைக்காரனுக்குக் காலில் அடி. பதிலுக்கு நிறுத்தியிருந்த இருவரும் குள்ளம். எழுபத்தெட்டாவது நிமிடம் வரை தரையில் ஆடி, அவர்கள் களைத்த பிறகு, தன் கோல் கீப்பரிடம் ஓங்கி உதைக்கச் சொன்னான். கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்தான். வெறும் ஆறடி இரண்டு அங்குல டாரில் எம்பித் தலையால் முட்டினான். ஒன்றுக்கு சைபர். நாற்காலி தப்பியது.

"படுபாவி, நீயும் தூக்கித்தான அடிச்ச," என்றாள் மேக்ஸின்.

"உன் பின்வரிசையைப் பாத்துட்டு அடிச்சேன்."

"அப்போ சரி. தோத்தாலும் வயிறு எரியல."

அடுத்த வியாழன் புது வருஷத்து லீக் தொடங்கியது. நெவில் உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மூன்று பேர் பேன்ட்டில் மாவு. வீட்டுக்காரன் ட்ரெவர் கடையில் ஒரு கிலோ பாக்கெட்டே வாங்கித் தன் மேல் தூவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெவிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாண சூட்டில் கதவோடு கை குலுக்கியவன் ஞாபகம் வந்ததும் பாதியில் நின்றது.

"மாவைத் தட்டுங்கடா. அன்னிக்கு என்னை ஜெயிக்க வெச்சது மாவு இல்ல. பத்து நிமிஷம் உக்காந்து யோசிச்சேன். காசு செலவில்ல, நீங்களும் ஒருதடவை பண்ணிப் பாருங்க."

ட்ரெவர் பயபக்தியாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"கரெக்டா பத்தா, நெவில்? ஒம்பதரை நிமிஷத்துல நிறுத்தினா தோஷமா?"