எதிர்மனுதாரர் எண் இரண்டு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கைக்கும் எனக்கும் விவாகரத்து ஆனபிறகு உங்களை எப்படி அழைப்பதென்று தெரியவில்லை. 'முன்னாள் மச்சான்' என்றால் பதவி போன அமைச்சர் மாதிரி இருக்கிறது. ஆகவே மச்சானாகவே இருந்துகொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமா என்பதைக் கோர்ட்டுக் கவுன்டரில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். நான் அங்கே பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தபோது வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் பாப்பாவுக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் தர நீதிமன்றம் உத்தரவு போட்டது. பிறகு பட்டறையை மூடினார்கள். நான் மாநிலம் தாண்டி வந்து ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். சம்பளம் பாதி, உத்தரவு முழுசு. குறைத்துத் தரச் சொல்லி இந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போனால், கவுன்டரில் இருந்த அம்மா, "உத்தரவு போட்டது யாரு? அவங்ககிட்டயே போங்க" என்றார். சரியென்று லீவு போட்டு, ரயிலில் நின்றுகொண்டே அங்கே வந்தேன். அங்கே குமாஸ்தா, "இப்ப எங்க இருக்கீங்க?" என்றார். "உங்க முன்னாடிதான் சார்." "நக்கலா? விலாசம் எங்க?" சொன்னேன். "வேற மாநிலமா? அப்ப அங்க போய்க் கேளுங்க." திரும்பி வந்தால் கிடங்கு மேஸ்திரி இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, "கோர்ட்டு கேஸுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வேலைக்கே எடுத்திருக்க மாட்டேனேப்பா" என்று ஆறுதல் சொன்னார். மச்சான், எங்கள் முதலாளி பட்டறையை மூடவில்லை, வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். முப்பத்தெட்டு மெஷினும் ஒரே நாளில் லாரியேறின. இப்போது எங்க இருக்கீங்கன்னு அவரை எந்தக் கவுன்டரும் கேக்கலை.

கடைசியில் நீதிமன்ற வாசலில் மேசை போட்டிருக்கும் மனு எழுதுபவர்தான் வழி சொன்னார். இரண்டு பேரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் இந்த ஊரிலேயே விசாரிப்பார்களாம். மனுவைப் போட்டாயிற்று, நகல் பதிவுத் தபாலில் உங்கள் வீட்டு விலாசத்துக்கே, உங்கள் தங்கை பேரில் போயாயிற்று. அவள் சம்மதக் கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி. நான் கேட்டால் போட மாட்டாள், உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பாள். அதையும் பாதிதான் கேட்பாள், எனக்கு அந்தப் பாதி போதும். கையெழுத்து வரவில்லையென்றால் வாடகையா ஜீவனாம்சமா என்று நான் சீட்டுக் குலுக்கித்தான் பார்க்க வேண்டும். எப்படியாவது வாங்கி அனுப்புங்க மச்சான், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், அதற்குக் கவுன்டர் எது என்று மட்டும் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், உங்கள் தங்கைக்கு எது பொருத்தமோ அதுவும் சொல்லவும்.

இப்படிக்கு,
மனுதாரர்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் பாப்பா போனில் வந்தாள். நான்காம் வகுப்பு, கையில் கிடைத்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது. நகலைப் படித்திருக்கிறாள்.

"அப்பா, எம்பேருக்குப் பக்கத்துல எதிர்மனுதாரர் எண் ரெண்டுன்னு போட்டிருக்கு. நான் உனக்கு எதிரியா?"

"இல்லடா, அது கோர்ட்டு பாஷை."

"அம்மாதான் ஒண்ணாம் நம்பர். நான் ரெண்டாவதா? அப்ப நீ?"

"மனுதாரர்."

"உனக்கு மட்டும் எதிர் இல்லையே. அடுத்த மாசம் நீ வரும்போது நான் கதவைத் திறக்கலாமா, கூடாதா?"

கையெழுத்து வாங்க வேண்டாம் மச்சான். இரண்டாவது ஷிப்டும் பெட்டி தூக்குகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். மனுவை வாபஸ் வாங்கப் போனால் அதற்கும் ஒரு மனுவாம், மூன்று நகலாம். அதே மனு எழுதுபவர்தான் தட்டச்சு செய்து நீட்டினார். முதல் பக்கத்திலேயே பாப்பா, எண் இரண்டு. "இதுலயாவது அவ பேரை எடுத்துடுங்கய்யா" என்றேன். "எடுத்தா மனு நிக்காதுப்பா" என்றார்.

அந்த நகலும் பதிவுத் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. தபால்காரரை வாசலிலேயே பிடித்துவிடுங்கள், மச்சான். பாப்பாதான் ஓடிவந்து கதவைத் திறப்பாள்.