விரல் படாத விசை

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயரும் தெரியாது. நல்லவேளையாக, பெயின்ட்பால் மார்க்கரின் சுடும் விசையிலிருந்து சுருள்வில்லைப் பிடுங்கிவிட்டு அங்கே காந்தம் வைத்த மகானின் பெயர் தெரியும். வெர்லின் ஸ்டாஃபர், ஒஹாயோ மாநிலம். அடியேன்தான். எனக்கு முன்பே நாலைந்து பேர் செய்துவிட்டதாக இணையத்தில் சில பொறாமைக்காரர்கள் எழுதுகிறார்கள். பெரிய மனிதர்களுக்கு இந்தத் தொல்லை எல்லாக் காலத்திலும் உண்டு.

மார்க்கரைத் துப்பாக்கி என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் பெயின்ட்பால் விளையாட்டில் அது மகாபாவம். துப்பாக்கி ஆளைக் கொல்லும். மார்க்கர் சாயக்குண்டால் ஆளை 'அடையாளப்படுத்தும்'. அடையாளப்படுத்தப்பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைவிட்டு வெளியேற வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் போன பிறகு கண்ணியமாகக் கெட்டவார்த்தை பேசலாம்.

எங்கள் அணியில் ஐந்து பேர். கேப்டன் டுவைட் கெஸ்லர் மெத்தைக் கடை வைத்திருக்கிறான். அணியின் ஆலோசனைக் கூட்டங்கள் அந்தக் கடையில்தான் நடக்கும். ஆளுக்கொரு மெத்தையில் படுத்துக்கொள்வோம். எல்லாத் தீர்மானங்களும் படுத்தபடியே நிறைவேறும். உலகத்தின் பல சபைகள் இந்த நிலையை இன்னும் எட்டவில்லை, உட்கார்ந்தபடிதான் தூங்குகின்றன.

வசந்தகாலக் கூட்டத்தில் டுவைட் என் பக்கம் புரண்டு படுத்தான்.

"யோவ் வெர்லின், தப்பா எடுத்துக்காதே. உன் விரல் இருக்கே, அது கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி. மனு குடுத்தாதான் நகருது."

"வயசாயிடுச்சுல்ல டுவைட்."

"அதைத்தான் நானும் சொல்றேன். என் மச்சான் ப்ரென்ட் இருக்கானே, பொழுதன்னைக்கும் வீடியோ கேம்தான். ரெண்டு விரலை வெச்சு தையல் மெஷின் மாதிரி அடிக்கிறான். கொலம்பஸ்ல மாநிலப் போட்டிக்கு அஞ்சு பேருக்குத்தான் இடம். ஆகஸ்ட் மேட்ச்ல நீ என்ன கிழிக்கிறேன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

இன்சூரன்ஸ் ஆபீஸில் நான் 'மூணாவது மேசை'. வீட்டில் 'குப்பையக் கொட்டியாச்சா'. வாரத்தில் ஒருநாள், அந்த மைதானத்தில் மட்டும்தான், யாராவது "வெர்லின், இந்தப் பக்கம் வா" என்று உயிர் போகிற மாதிரி கத்துவார்கள். அந்தக் குரலை ப்ரென்டுக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

ஆகவே அறிவியலைத் துணைக்கு அழைத்தேன். விசையை முன்னே தள்ளி நிறுத்துவது ஒரு குட்டிச் சுருள்வில். விரல் அதோடு மல்லுக்கட்டித்தான் சுட வேண்டும். வில்லைக் கழற்றி எறிந்துவிட்டு, விசையின் முதுகில் ஒரு காந்தம், அதற்கு எதிரே கைப்பிடிக்குள் இன்னொரு காந்தம் என்று வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். ஒரே குணமுள்ள இரண்டு சம்பந்திகளை எதிரெதிரே உட்காரவைத்தால் நடப்பதுதான். திருகாணியைத் திருப்பி இடைவெளியைக் கூட்டினால் தள்ளுவது குறையும், விசை பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

காந்தங்களைச் சமையலறை அலமாரிக் கதவுகள் நன்கொடையாக வழங்கின.

"அலமாரியெல்லாம் ஏன் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது?" என்று கேட்டாள் என் மனைவி மார்லீன்.

"ஆராய்ச்சி நடக்குது."

"இதுக்கு எந்த டாக்டரைப் பாக்கணுமாம்?"

முதல் முயற்சியில் காந்தத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். இரண்டும் காதலித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டன. உள்ளே போன விசை வெளியே வரவே இல்லை. இரண்டாம் முயற்சியில் பகை கச்சிதமாக அமைந்தது. திருகாணியைத் திருகத் திருக, விசை தொட்டால் சுட்டது, பிறகு ஊதினால் சுட்டது. ஒரு குண்டு கிளம்பும் அதிர்விலேயே விசை குலுங்கி அடுத்த குண்டையும் அனுப்பியது. வரலாற்றில் முதன்முறையாக ஒரு மார்க்கர் 'தன்னிறைவு' அடைந்தது.

சட்டத்தில் ஒரு சிறு இடைஞ்சல் இருந்தது. ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டுதான் போகலாம். மீறினால் அணியே வெளியே.

ஆகஸ்ட் வந்தது. எங்கள் ஊரில் அது களைப்பூக்களின் மாதம், என் மூக்குக்குப் போதாத காலம். மேட்சில் எங்கள் அணியின் மற்ற நாலு பேரும் வரிசையாக அடையாளப்படுத்தப்பட்டு வெளியேறினார்கள். காற்றடைத்த ரப்பர் அரணுக்குப் பின்னால் நான் மட்டும் மிச்சம். எதிரணி ஐந்து பேரும், கிழவன்தானே என்று கும்பலாக ஓடி வந்தார்கள். இரண்டு கையாலும் மார்க்கரின் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு படுத்திருந்தேன். விரல் விசையின் பக்கமே இல்லை. அப்போது தும்மல் வந்தது.

ஒரே தும்மல். குண்டுகள் தீரும்வரை மார்க்கர் நிற்கவில்லை. ஐந்து பேரும் கையைத் தூக்கினார்கள்.

நடுவர் லொரெட்டா மங்க் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றிருந்தாள். வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கண்ணாடியில் பார்க்கும் ஒரு பார்வையில் பேருந்தையே அடக்குவாள்.

"எத்தனை தடவை இழுத்தீங்க?"

"ஒரு தடவைகூட இல்லம்மா."

"அஞ்சு பேரு மேல பச்சையா வழியுது."

"அதுவும் வாஸ்தவம்தாம்மா."

ராய்ஸ் டில்டன் வேலியைத் தாண்டி ஓடிவந்தான். எங்கள் அணிக்காரன், போக்குவரத்து அபராத வழக்குகளில் பெயர் பெற்ற வக்கீல்.

"நடுவரம்மா, சட்டம் என்ன சொல்லுது? ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. இங்க இழுப்பே இல்ல. அப்புறம் இழுப்புச் சட்டம் எங்கிருந்து வரும்? காரே ஓட்டாதவனுக்கு ஓவர்ஸ்பீடுன்னு அபராதம் போடுவீங்களா?"

லொரெட்டா மார்க்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சட்டம் எழுதின புண்ணியவான் உங்க மாதிரி ஆளுங்களப் பாத்ததில்ல போல. விரல் படலைங்கிறத நானே பாத்தேன், இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா ரெண்டு டீமும் கேக்குற மாதிரி அவர் வாயால சொல்லணும். நான் யாரையும் சுடலைன்னு."

நெஞ்சில் கை வைத்து உரக்கச் சொன்னேன். வென்றோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். டுவைட் என் முகமூடிக்கு முத்தம் கொடுத்தான்.

அடுத்த கூட்டத்துக்குப் போனபோது என் மெத்தையில் ப்ரென்ட் படுத்திருந்தான். மிச்சம் இருந்தது தொட்டில் மெத்தை. காலை மடக்கிக்கொண்டு அதில் படுத்தேன்.

ராய்ஸ் தொண்டையைக் கனைத்தான். "தீர்மானம். இந்த சீசன்ல வெர்லின் அடையாளப்படுத்தின ஆளுங்க யாருமில்ல. அதனால கொலம்பஸுக்கு அவருக்குப் பதிலா ப்ரென்ட்."

"ஆகஸ்ட்ல அஞ்சு பேரு?"

"அது நீ இல்லையே. நெஞ்சுல கை வெச்சுச் சொன்னியே."

"அது உன் வாதம்யா."

"வாதம் என்னோடது. வாக்குமூலம் உன்னோடது."

"அப்ப அவங்கள அடிச்சது யாரு?"

"மார்க்கர். அதனாலதான் மார்க்கர் கொலம்பஸ் போகுது. தனியா அனுப்ப முடியாதுல்ல, ப்ரென்ட் துணைக்குப் போறான்."

மார்க்கர் டுவைட்டின் கடை வாங்கிக் கொடுத்தது. என்னுடையது காந்தம் மட்டும்தான்.

"அதையாவது கழட்டிக் குடுங்கப்பா. வீட்ல அலமாரி சாத்த மாட்டேங்குது."

"போட்டி முடியட்டும் வெர்லின். டீம் ஸ்பிரிட்னு ஒண்ணு இருக்குல்ல," என்றான் டுவைட். பிறகு சபையைப் பார்த்துச் சொன்னான்: "எதிர்க்கிறவங்க ஒரு விரலைத் தூக்கினா போதும். எந்திரிக்கக்கூட வேணாம்."

நான் தூக்கினேன். "நீ சம்பந்தப்பட்ட ஆளு, உனக்கு ஓட்டு இல்ல," என்றான் ராய்ஸ். மற்ற இருவரும் கூரை விளக்கை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக அவர்களுக்கு முன்னால் ஓடி, அவர்கள் வாங்க வேண்டிய குண்டுகளை வாங்கியவன் நான். ஒரு மெத்தைகூட முனகவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

விரல் படாமலே ஐந்து பேரை வீழ்த்திய அதிசயம் என்று இன்றும் என் காந்த விசையைத்தான் மைதானத்தில் புகழ்கிறார்கள். அடக்கத்தோடு மறுத்துவிடுகிறேன். அந்த ஐந்து பேரை வீழ்த்த அதற்கு ஒரு தும்மலாவது தேவைப்பட்டது. என்னை வீழ்த்த என் நண்பர்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.