காரச்சட்னியே, வெளியே வா

கழிப்பறைக் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு அழகுபாண்டி விமர்சனத்தை அழித்துக்கொண்டிருந்தான். அவசரத்தில் முதல் தடவை 'அழி'க்குப் பதிலாக 'பகிர்' என்பதை அமுக்கித் தொலைத்தான். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

"அண்ணே, உள்ள நீங்களா? மொதலாளி எல்லாரையும் மெசினு பக்கம் வரச் சொல்றாரு. மறுக்கா பாட்டுப் போடப் போறாராம்."

சோணையம்மாளின் குரல். கப்பலூர் விருமாண்டி பிளாஸ்டிக்ஸில் டீ போடுவது, கூட்டிப் பெருக்குவது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் கொண்டு சேர்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"வாரேன், போ."

"வயிறு சரியில்லையாண்ணே? ஓமத்தண்ணி போடவா?"

"போன்னு சொல்றேன்ல."

இந்தத் தடவை சரியாக அமுக்கினான். 'காரச்சட்னி' பக்கத்திலிருந்து விமர்சனம் மறைந்தது. அழகுபாண்டி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

சங்கதி இதுதான். அழகுபாண்டி பகலில் நாற்காலி பார்க்கிறவன். கம்பெனியிலிருந்து வெளியே போகும் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆட்டிப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, 'ஓ.கே.' ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலை. ஆடினாலும் ஓ.கே.தான் ஒட்டுவான். குறை சொன்னால் முதலாளிக்குப் பிடிக்காது என்று யாரோ என்றைக்கோ சொன்னதை அவன் சோதித்துப் பார்த்ததில்லை. அப்படி நாளெல்லாம் விழுங்கிய 'நல்லா இல்லை'களை, சாயங்காலம் ஆனையூர் வீட்டில் உட்கார்ந்து 'காரச்சட்னி' என்ற புனைபெயரில் பேஸ்புக்கில் கக்கிவிடுவான். புதுப் பாட்டு எது வந்தாலும் கிழிதான். எழுதுவது யாரென்று அவன் மனைவி தாமரைச்செல்விக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரம் அவன் கையில் மாட்டியது 'யாமி' என்ற புதுப் பாடகி. 'ஒரு பெர்சென்ட் சார்ஜ்' என்ற பெயரில் நாலே நாலு பாட்டு கொண்ட குட்டி ஆல்பம்; பாடுகிறவர்கள் பாஷையில் 'ஈ.பி.' ருசித்துக் கிழித்திருந்தான்.

இன்று காலையில் முதலாளி விருமாண்டி லட்டு டப்பாவோடு வந்து நின்றார்.

"யாமி யாமிங்கிறாகளே, யாருன்னு நெனச்சீக? நம்ம சத்யப்ரியா. படிக்கன்னு மெட்ராசுக்குப் போன புள்ள எனக்கே தெரியாமப் பாடி வெளியிட்டிருக்கு. ஈ.பி. வந்திருச்சுப்பான்னு போன் போட்டுச்சு. நான் கரண்டு பில்லுன்னு நெனச்சு, கட்டிரும்மான்னுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி பாட்டைப் போட்டார். ஒவ்வொருவரையும் அபிப்பிராயம் கேட்டார். கணக்கு எழுதும் பத்ரி, கேள்வி வருவதற்கு முன்பே "ஆமா சார்" என்றான். அவன் எதற்குமே அப்படித்தான். அழகுபாண்டி ஒரு படி மேலே போனான்.

"காதுல தேன ஊத்துனாப்புல இருக்கு சார். எறும்பு வந்துருமோன்னு பயமா இருக்கு."

அதற்குப் பிறகுதான் விருமாண்டி சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார்.

'முதல் பாட்டில் பாடகிக்குத் தூக்கம் வருகிறது. இரண்டாவது பாட்டில் நமக்கு வருகிறது. மூன்றாவதில் டிரம்ஸ் மெஷினை ஓடவிட்டுவிட்டு இசையமைப்பாளர் டீ குடிக்கப் போய்விட்டார். நாலாவதில்தான் உள்ளே ஒரு நல்ல குரல் கிடப்பது தெரிகிறது. அதையும் கம்ப்யூட்டரில் கொடுத்து இஸ்திரி போட்டுவிட்டார்கள். யாராவது இந்தப் பெண்ணை வெறுமனே பாட விடுங்களேன். இப்படிக்கு, காரச்சட்னி.'

வாசித்து முடித்து மீசையை ஒருமுறை நீவினார்.

"இவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

கம்பெனியில் மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த இடத்துக்கு இரண்டே பெயர்கள்தான் அடிபட்டன. ஒன்று அழகுபாண்டி, இன்னொன்று பத்ரி. வெள்ளிக்கிழமை பூஜையில் முடிவைச் சொல்வதாக முதலாளி அறிவித்திருந்தார். தன் வீட்டுக்காரர்தான் அடுத்த மேனேஜர் என்று தாமரைச்செல்வி தன் மதினியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அவள் மதினியிடம் சொன்னால் ஆனையூருக்கே சொன்ன மாதிரி. அதனால்தான் அழகுபாண்டி கழிப்பறைக்கு ஓடினான்.

அழித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தான். மதியச் சாப்பாட்டுக்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து வைத்திருந்தான். 'காரச்சட்னியை மிரட்டி அழிக்க வைத்தது யார்?' என்ற தலைப்போடு அது ஊர் சுற்றியது. அதுவரை நூறு பேர் படித்த விமர்சனத்தை மதுரையே படித்தது. பாட்டைக் கேட்காதவர்களும் கருத்துச் சொன்னார்கள். 'மூன்றாவது பாட்டில் டீயில் சர்க்கரை கம்மி' என்று ஒருவர் எழுதினார். 'நவீனத் தனிமையின் இஸ்திரிப்பெட்டி' என்று ஒரு பேராசிரியர் நீளமாக எழுதினார். அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது புரியாமல் எல்லாரும் லைக் போட்டார்கள்.

விருமாண்டி அழகுபாண்டியை அறைக்குக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"அழிச்சுட்டான்யா."

"நல்லதுதான சார். பய பயந்துட்டான்."

"எதுக்குப் பயப்படுறான்? யாருக்குப் பயப்படுறான்? எங்கிட்ட வரட்டும், நான் பேசிக்கிறேன்."

அந்தப் 'பேசிக்கிறேன்' அழகுபாண்டிக்குப் போதுமானதாக இருந்தது. வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டான்.

"ஏன்த்தா, ஒரு யோசன சொல்லு."

"இதுல யோசிக்க என்ன கெடக்கு? பாட்டு பிரமாதம்னு மாத்தி எழுதிட்டுப் போங்க."

"நேத்து கிழிச்சத இன்னிக்கு எப்பிடித்தா புகழ்றது?"

"வெண்டிக்கா கொழம்ப ரெண்டு வருசமாப் புகழ்றீகள்ல, அது மாதிரிதான்."

அழகுபாண்டி போனை வைத்தான். ஸ்டோர் ரூமில் நாற்காலி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, உயிரைக் கொடுத்து எழுதினான். 'நான் தவறிழைத்தேன். இது குட்டி ஆல்பம் அல்ல, குன்றத்தில் ஏற்றிய தீபம். யாமியின் தொண்டை இந்த நூற்றாண்டின் தொண்டை. அந்த டிரம்ஸ் மெஷின்கூட அவருக்காக அழுகிறது. இப்படிக்கு, காரச்சட்னி.'

அவன் நேரம், ஒருத்தரும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

'அண்ணே, நக்கல்னா இதான் நக்கல்.' 'செத்த பாம்ப இப்பிடி அடிக்கலாமா?' 'நூற்றாண்டின் தொண்டை. சிரிச்சு வயிறு வலிக்குது.' அந்தத் 'தொண்டை'யை வைத்துப் படங்கள் வந்தன, பொம்மைகள் வந்தன. பாராட்ட எழுதியது முந்தையதைவிடக் கொடூரமான விமர்சனமாகப் பெயர் வாங்கிவிட்டது.

விருமாண்டி அதையும் வாசித்தார். "இது புகழ்ச்சியா, கேலியா? ஒண்ணும் வெளங்கலையே. மொதல்ல எழுதுனதுதான்யா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா இருந்துச்சு. என்னமோ ஆயிருச்சு அவனுக்கு."

"ஆமா சார்" என்றான் பக்கத்தில் நின்ற பத்ரி.

மறுநாள் காலை அழகுபாண்டி பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தான். எதிர்ச்சுவரில் பசை காயாத போஸ்டர்.

'காரச்சட்னியே! எங்கே ஒளிந்தாய்? வெளியே வா! உன்னை நேரில் காணத் துடிக்கும் கப்பலூர் விருமாண்டி.' ஒரு பக்கம் முதலாளி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னொரு பக்கம் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு வருகிறது.

மதுரையில் காதுகுத்துக்கும் சிங்கம்தான் போடுவார்கள். பிறந்தநாள் வாழ்த்தென்றாலும் சிங்கம் உறுமும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அழகுபாண்டிக்கு அது தெரியாதா என்ன. ஆனால் வாயில் பல்பொடியோடு நிற்கிறவனுக்குச் சிங்கத்தின் பல்தான் முதலில் தெரியும்.

கம்பெனிக்குப் போவதற்குள் தாமரைச்செல்வி போன் செய்தாள்.

"பூ வாங்க மாட்டுத்தாவணிக்கு வந்தேன். மார்க்கெட் செவரு பூரா உங்களத்தான் தேடுறாக. பூக்காரம்மா சொல்லுது, மாட்டுனான்னா தோல உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவாகளாம்."

"வைய்யி போன."

அன்று முதலாளி அழகுபாண்டியை மறுபடியும் கூப்பிட்டார்.

"பாண்டி, நாற்காலியில மயிரிழை கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்ணு உன்னுது. இவன நீதான் கண்டுபிடிக்கணும். வெள்ளிக்கெழம பூசைக்குள்ள எம்முன்னாடி நிக்கணும். அதுக்கப்புறந்தான் மேனேஜர் யாருன்னு வாயத் தொறப்பேன்."

"என்ன பண்ணப் போறீங்க சார் அவன?"

விருமாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அத நேர்ல வச்சுக்கிறேன்."

காரச்சட்னி இல்லாமல் இந்தப் பூஜை முடியாது என்று ஆகிவிட்டது. அப்படியானால் யாராவது ஒருவன் காரச்சட்னியாக இருந்தாக வேண்டும். அழகுபாண்டியின் கண் கணக்கு அறைப் பக்கம் திரும்பியது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும்போல் தெரிந்தது.

"மாப்ள பத்ரி, போனக் குடேன். என்னுதுல சார்ஜ் இல்ல, வீட்டுக்கு ஒரு வார்த்த பேசிக்கிறேன்."

"எடுத்துக்கோ அழகு. லாக்கெல்லாம் கெடையாது. எங்கிட்ட என்ன ரகசியம் இருக்கு?"

அழகுபாண்டி ஸ்டோர் ரூமுக்குப் போனான். காரச்சட்னி பக்கத்தில் தன் நம்பரை எடுத்துவிட்டுப் பத்ரியின் நம்பரைப் போட்டான். பத்ரியின் போனுக்கு வந்த ரகசிய எண்ணைப் பார்த்து அடித்தான். பக்கத்தை அந்தப் போனிலேயே திறந்து வைத்தான். தன் போனிலிருந்து அதன் சுவடே இல்லாமல் துடைத்தான். ஆண்டுக்கணக்காக வளர்த்த பக்கம். கண்ணில் லேசாகத் தண்ணீர்கூட வந்தது.

"ஏதோ நம்பரெல்லாம் வந்தாப்புல சத்தம் கேட்டுச்சே?" என்றான் பத்ரி, போனை வாங்கிக்கொண்டே.

"எவனோ ஏமாத்துக்காரப் பய மாப்ள. அழிச்சுட்டேன்."

"ஆமா ஆமா. காலம் கெட்டுக் கெடக்கு."

வெள்ளிக்கிழமை. பூஜைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து சத்யப்ரியாவும் வந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் நேராக அப்பாவின் அறைக்குள் போனாள். அழகுபாண்டி பின்னாலேயே நுழைந்து, தொண்டையைச் செருமினான்.

"சொல்ல வாய் வரல சார். கூடவே இருந்து பழகுன பய. நம்ம பத்ரிதான்."

"யாரு, ஆமா சார் பத்ரியா?" விருமாண்டி எழுந்தே விட்டார்.

"அவன் போன வாங்கிப் பாருங்க சார். பக்கம் தொறந்தே கெடக்கும்."

சத்யப்ரியா வெளியே போய்ப் பத்ரியின் போனை வாங்கி வந்து பார்த்தாள். அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள். விருமாண்டி மீசையை நீவிக்கொண்டார்.

"அவன உள்ள வரச் சொல்லு. நீ வெளிய இரு. கதவச் சாத்திட்டுப் போ."

அழகுபாண்டி சாத்தினான். சாத்திய கதவில் காதை ஒட்டினான்.

"காரச்சட்னி நீதானா?"

"ஆமா சார்."

"எம்மூஞ்சிக்கு நேரா நல்லாருக்குன்னு சொல்லிட்டு, அங்கிட்டுப் போயி அப்பிடி எழுதுனது நீதானா?"

"ஆமா சார்."

"யோசிச்சுச் சொல்லுய்யா."

"யோசிச்சுட்டேன் சார். ஆமா சார்."

பட்டென்று முதுகில் ஒரு கை விழும் சத்தம். இன்னொன்று. அழகுபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். பாவம், மெலிந்த உடம்பு. ஒரு நொடி கதவைத் தட்டி உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் மூன்றாவது சத்தமும் கேட்டது. உண்மையைச் சொல்லும் எண்ணம் அதோடு போய்விட்டது.

மெல்ல நடந்து மேனேஜர் அறைக்கு வந்தான். யாரும் இல்லை. காலி நாற்காலியைத் தொழில் பழக்கத்தில் ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. உட்கார்ந்தான். சாய்ந்தான். தாமரைச்செல்விக்குப் போன் போட்டான்.

"முடிஞ்சிருச்சுத்தா. மதினிகிட்ட தைரியமாச் சொல்லிரு."

"நெசமாவா? என் மேல சத்தியமாச் சொல்லுங்க."

"பெறகு கூப்புடுறேன், ஆளு வருது."

காலி டீ டம்ளர்களோடு முதலாளி அறையிலிருந்து வந்த சோணையம்மாள், அறைக்குள் எட்டிப் பார்த்தாள். தோளில் கிடந்த துணியை உதறினாள்.

"கொஞ்சம் எந்திரிங்கண்ணே, அந்தச் சேரத் தொடைக்கணும். 'எம் மகளப் பத்தி நெசத்தச் சொன்னவன் இந்த ஊருலயே ஒருத்தன்தேன், கம்பெனியையும் அவன் கையிலதேன் குடுப்பேன்'னு மொதலாளி இம்புட்டு நாளாத் தேடுனது நம்ம பத்ரி அண்ணனத்தானாம்ல."